செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்

அமெரிக்காவின் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்றதும் நம் நாளிதழ் வாசகருக்கு நினைவு வருபவர் வாஷிங்டனில் இருக்கும் வெளியுறவு அமைச்சர். ஜார்ஜியாவிலோ மிச்சிகனிலோ அதே பெயர் மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அலுவலரைக் குறிக்கும். அவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் கட்சி வேட்பாளராக!

‘செக்ரட்டரி’யின் வேர் இலத்தீன். ‘செக்ரேத்தும்’ என்றால் தனியே ஒதுக்கி வைத்தது, மறைவானது. மறைபொருளை நம்பி ஒப்படைக்கத் தக்க எழுத்தரே முதலில் அப்பெயர் பெற்றார். மாநிலங்களில் அவர் அரசு முத்திரையையும் ஆவணங்களையும் காத்தார். வாக்குக் கணக்கும் ஓர் ஆவணம்தானே, அது அவர் கைக்கே போனது. மிச்சிகனில் ஓட்டுநர் உரிமமும் அவர் அலுவலகத்தில்தான்.

கட்சிக்காரரே நடுவராவது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. 2018இல் ஜார்ஜியாவின் பிரையன் கெம்ப் அப்பதவியில் இருந்தபடியே ஆளுநர் தேர்தலில் நின்று வென்றார். பின்னர் அப்பதவிக்கு வந்த பிராட் ராஃபன்ஸ்பெர்கரோ, 2021 ஜனவரி 2 அன்று 11,780 வாக்குகளைக் ‘கண்டுபிடிக்க’ வேண்டும் என்று தொலைபேசியில் கேட்ட, அதிபர் தேர்தலில் அங்கே தோற்றிருந்த தம் கட்சியின் டிரம்புக்கு இணங்கவில்லை.

இப்பதவியைத் தமிழில் ‘மாநிலச் செயலர்’ என்று மொழிபெயர்த்தால் கோட்டையில் இருக்கும் ஐஏஎஸ் அதிகாரி என்று தோன்றும். ‘மாநிலத் தேர்தல் செயலர்’ தேவலை. அலாஸ்கா, யூட்டா மாநிலங்களில் இந்தப் பதவியே இல்லை. அங்கே தேர்தல் பொறுப்பு துணை ஆளுநருடையது.