வளரியும் டிஸ்க் கோல்ஃபும்: எறிதிறன் விளையாட்டான வரலாறு

கையால் ஒரு கருவியை வீசித் தொலைவிலுள்ள இலக்கைச் சேர்வது பழமையான மனிதத் திறன்களுள் ஒன்று. இராமநாதபுரம் சீமையில் அது வளரியாகவும், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆகவும் உருப்பெற்றது. முன்னது போர்க்கருவியாக இருந்து அருங்காட்சியகத்தில் அடங்கியது. பின்னது பொழுதுபோக்காகத் தொடங்கித் தொழில்முறை விளையாட்டாக வளர்ந்தது.

வளரி

ஆர்.எஸ்.மங்கலம் எனச் சுருக்கமாக வழங்கும் இராஜசிங்கமங்கலம், சேதுபதிகள் ஆண்ட பகுதியைச் சேர்ந்தது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று பெயர்பெற்ற பெருங்கண்மாய் இங்குள்ளது. இந்த ஊரை உள்ளடக்கிய இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் வேட்டைக்கும் போருக்கும் வளரி பயன்பட்டது. பிறை போல் வளைந்த இதன் ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மரத்திலும் இரும்பிலும் செய்யப்பட்டது. மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி எறிவர்.

ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தமக்கு வளரி வீசக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். தேர்ந்த கை, நூறு கஜத் தொலைவுக்குள் இதைக் குறிதவறாமல் எறியும் என்றும் குறித்துள்ளார். அதே வெல்ஷ், 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிரான படையெடுப்பில் பங்கேற்றார். அவ்வாண்டு அக்டோபரில் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். தொடர்ந்து பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட, வளரியின் பழக்கமும் அருகியது.

டிஸ்க் கோல்ஃப்

ஃபிரிஸ்பீ வட்டுகளை மரங்களையும் கம்பங்களையும் குறிவைத்து எறிந்து விளையாடும் வழக்கம் அமெரிக்காவில் பல இடங்களில் இருந்தது. அதற்கு நிலையான வடிவம் தந்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பீயை மேம்படுத்திய இவர், 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். வட்டு கம்பத்தில் பட்டதா என்ற தகராறு ஓயாததால், தொங்கும் சங்கிலிகள் வட்டைத் தடுத்துக் கூடையில் விழச்செய்யும் இலக்கை உருவாக்கினார். அதன்பின் தீர்ப்புக்கு நடுவர் தேவைப்படவில்லை.

1979இல் ஹண்டிங்டன் பீச்சில் 50,000 டாலர் பரிசுத் தொகையுடன் ஒரு போட்டி நடைபெற்றது. 1982 முதல் உலகப் போட்டிகளைச் சங்கம் நடத்திவருகிறது. 1983இல் டேவ் டனிபேஸ் விளிம்பு சரிவான வட்டை அறிமுகப்படுத்தினார். காற்றைக் கிழித்து நெடுந்தொலைவு சென்ற இவ்வட்டுகளுக்குப் பழைய களங்கள் போதவில்லை. ஆகவே களங்களும் நீளத் தொடங்கின.

கள வடிவமைப்பு

ஒரு முழுக்களத்தில் பொதுவாக 18 இலக்குகள் இருக்கும். குறைந்த எறிகளில் முடிப்பவரே வெற்றியாளர். கூடையின் மேல்விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 82 செ.மீ. உயரத்தில் இருக்கும். தொழில்முறைக் களங்களில் சில இலக்குகள் 300 மீட்டருக்கும் அப்பால் அமையும்.

நீளத்தைவிட முக்கியமானது பாதையின் வளைவு. வலக்கையர் பின்கை முறையில் எறியும் வட்டு, வேகம் குறைந்ததும் பெரும்பாலும் இடப்புறம் சாயும். எனவே நல்ல வடிவமைப்பாளர் இடவளைவு, வலவளைவு, நேர்ப்பாதை மூன்றையும் கலந்து வைப்பார். இல்லையெனில் ஒரேவகை எறி தெரிந்தவரே வென்றுவிடுவார். மரங்களும் மேடுபள்ளமும் இல்லாத வெட்டவெளியில் கயிறு கட்டி எல்லை வகுப்பர். அதைத் தாண்டினால் ஓர் எறி தண்டம். 1999 முதல் அமெரிக்க சாம்பியன்ஷிப் நடைபெற்றுவரும் தென் கரோலினாவின் வின்த்ரோப் களம் இதற்குப் பெயர்பெற்றது. பின்லாந்தின் நோக்கியா நகரிலுள்ள 'பீஸ்ட்' களம் ஐரோப்பாவின் புகழ்பெற்ற போட்டிக்களம். 2021இல் பால் மெக்பெத், ஒரு வட்டு நிறுவனத்துடன் பத்தாண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது இத்துறையின் வளர்ச்சியைக் காட்டியது.

ஒப்பீடு

ஹெட்ரிக் புதிதாகத் தந்தது எறியும் கலையை அன்று. கருவியின் அளவு, இலக்கு, களம், விதி ஆகியவற்றைப் பொதுவாக்கியதே அவர் பணி. அதனால் முன்பின் அறியாதவர்களும் ஒரே கணக்கில் போட்டியிட முடிந்தது. வளரியோ ஆசானின் கையிலிருந்து மாணவரின் கைக்குச் சென்ற கலை. ஆயுதம் பறிக்கப்பட்டபோது அந்தத் தொடர்பும் தளர்ந்தது. அண்மைக்காலத்தில் சிலம்ப ஆசான்கள் சிலர் வளரியை மீண்டும் கற்பிக்கின்றனர். எடையும் தொலைவும் இலக்கும் பொதுவாக வகுக்கப்பட்டால், வளரியும் மீண்டும் களம் காண இடமுண்டு.