தாத்தாவோட அம்பாசிடர் நண்டு மாதிரி ஓடுதா? பின்பக்கத்துக்கு நூல் பிடிச்சுப் பாருங்க!

அவிநாசி சாலையில் நேராகத்தான் போகிறீர்கள். ஆனால், ஸ்டீயரிங் மட்டும் கொஞ்சம் திரும்பியே நிற்கிறது. பின்னால் பைக்கில் வரும் நண்பர், ``டேய், உன் வண்டி சைடு வாங்கிப் போகுதுடா!'' என்கிறார். முன்சக்கர அலைன்மென்ட் பார்த்தாச்சு, டயரும் மாத்தியாச்சு. அப்படியும் தீரலையா? அப்போ பின்பக்கத்தைப் பாருங்கள்.

கம்பெனி ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஏன் கோணலாகிறது?

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாகக் கொண்டு உருவான அம்பாசிடரின் உற்பத்தி 2014-ல் நின்றது. அதிலும் பத்மினியிலும் பின்பக்கம் ஒரே ஆக்ஸில். அதைத் தாங்க இரண்டு லீஃப் ஸ்பிரிங். இந்த இரும்புப் பட்டைகள் எடையைத் தாங்குவதோடு, ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கின்றன.

ஸ்பிரிங்கின் முன்முனை பாடியில் ஒரே இடத்தில் மாட்டப்பட்டிருக்கும். பின்முனை ஷேக்கிளில் முன்னும் பின்னும் ஆடும். நடுவில் இருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்ஸில் மேடையின் குழியில் உட்காரும். யூ போல்ட்டுகள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும். முன்முனை புஷ் தேய்ந்தாலோ, சென்டர் போல்ட் உடைந்தாலோ, யூ போல்ட் தளர்ந்தாலோ ஆக்ஸில் ஒருபக்கம் நகர்ந்துவிடும்.

துணியைக் கோணலாக வெட்டினால், துவைத்த பிறகு டி-ஷர்ட்டின் பக்கத் தையல் முறுக்கிக்கொள்ளும் இல்லையா? முன்பக்கத்தை எவ்வளவு அயர்ன் பண்ணினாலும் அது சரியாகாது. இதுவும் அப்படித்தான்.

அளக்கும் முன்

சமமான சிமென்ட் தரை வேண்டும். நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள். முன்சக்கரங்களை நேராக வைத்து, பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். வண்டியைக் கையால் இரண்டடி தள்ளி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

தேவையானவை: தூக்குக்குண்டு, ஸ்டீல் ஸ்கேல், டேப், சாக்பீஸ், நூல். நூலுக்கா பஞ்சம் நம்ம ஊரில்? பவர் டேபிளில் ஓடும் பாலியஸ்டர் தையல் நூல் போதும். பிசிறு இருக்கும் பருத்தி நூலும், இழுத்தால் நீளும் எலாஸ்டிக்கும் வேண்டாம்.

ஸ்டெப் 1: உயரம்

பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை இருபக்கமும் அளந்து எழுதுங்கள். ஒருபக்கம் தாழ்ந்திருந்தால் அந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். முன்பக்கம் சாய்ந்திருந்தாலும் பின்னால் வித்தியாசம் காட்டும் என்பதால், முன் உயரத்தையும் சேர்த்தே பாருங்கள்.

ஸ்டெப் 2: தரையில் புள்ளிகள்

நான்கு சக்கர மையங்களிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன்-பின் சக்கர இடைவெளி அம்பாசிடருக்கு 2,464 மி.மீ., பத்மினிக்கு 2,340 மி.மீ. இந்த எண்ணைவிட, இடதும் வலதும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

6 மி.மீ. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால், பின்சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1,350 மி.மீ. அகலம் உள்ள வண்டியில், அது ஆக்ஸிலைக் கால் டிகிரி திருப்பிவிடும். அந்தக் கோணத்தைச் சமாளிக்கத்தான் நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடிக்கிறீர்கள்.

தப்பு முன்னாலா, பின்னாலா? ஸ்பிரிங்குகளின் முன்முனை போல்ட்டுகளிலிருந்தும் புள்ளி இறக்குங்கள். அங்கிருந்து பின்சக்கரப் புள்ளிக்கு இருபக்கமும் அளந்து, பிறகு குறுக்காகவும் (இடது போல்ட் - வலது சக்கரம், வலது போல்ட் - இடது சக்கரம்) அளங்கள். எல்லாம் சமமாக இருந்தால் கோளாறு முன்பக்கம். இல்லையென்றால், நீளம் அதிகமுள்ள பக்கம் ஆக்ஸில் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது.

ஸ்டெப் 3: நூல்

வண்டியின் இருபுறமும் சக்கர மைய உயரத்தில் நூல் கட்டுங்கள். இரண்டு நூல்களுக்கும் இடையிலான தூரம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். இடது, வலது முன்சக்கர மையங்கள் நூலிலிருந்து சம தூரத்தில் இருக்கட்டும், பின்சக்கரங்களுக்கும் அப்படியே. நூல் டயரில் உரசக் கூடாது.

இப்போது பின் ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளங்கள். ஒரு சக்கரம் வெளியே, மற்றது அதே அளவு உள்ளே திரும்பியிருந்தால் ஆக்ஸில் கோணல். இரண்டுமே உள்ளே அல்லது இரண்டுமே வெளியே என்றால் ஆக்ஸில் வளைவையோ பேரிங்கையோ சந்தேகப்படுங்கள். கால் டிகிரி கோணல் ரிம்மில் 2 மி.மீ-க்கும் குறைவாகத்தான் தெரியும், அவசரப்படாதீங்க. ரிம் வளைந்திருந்தாலும் ஏமாற்றும். வண்டியை அரைச் சுற்று தள்ளி, நூலை மறுபடி சமமாக்கி, இன்னொரு முறை அளங்கள்.

எப்படிச் சரிசெய்வது?

இதில் திருகிச் சரிசெய்யும் ஸ்க்ரூ எதுவும் கிடையாது. தேய்ந்ததை மாற்றுவதுதான் அலைன்மென்ட். புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட், ஷேக்கிள் என வரிசையாகப் பாருங்கள். மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை:

* ஸ்பிரிங் மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றணும்.
* கழற்றிய யூ போல்ட்டை மறுபடி போடாமல் புதுசு போடணும்.
* ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கணும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.
* சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் இறுக்கத்தை மறுபடி பார்க்கணும்.

பின்பக்கம் நேரான பிறகே முன்சக்கர அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க!

ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். கேஸ் வைத்துச் சூடுபடுத்தி ஸ்பிரிங்கை வளைக்க விடாதீங்க, இரும்பின் பலம் போய்விடும். ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் பாடி துருப்பிடித்திருந்தால் முதலில் தகர வேலை. சென்டர் போல்ட் உடைந்திருந்தாலோ யூ போல்ட் தளர்ந்திருந்தாலோ, `பார்த்து மெதுவா ஓட்டிக்கலாம்' என்ற பேச்சே வேண்டாம். மழையில் சடன் பிரேக் போடும்போது ஆக்ஸில் நகர்ந்தால், வண்டி உங்கள் கையில் இருக்காது.

அளந்த எண்களை போனில் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது, எது நகர்ந்தது என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.