ழாக்கும் இராமசாமியும்

கொட்டாஞ்சேனையில் சந்தியாகு என்பது அரிய பெயரன்று. போர்த்துக்கேயர் காலந்தொட்டு நம்மிடையே வழங்கிவருவது. சென்ற தவணையில் என் மாணவனொருவன், பாட்டனாரிடமிருந்து தனக்கு வந்த அப்பெயரை மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று என்னிடம் வினவினான். மீன் சந்தையிலும் துறைமுகத்து மூட்டை சுமப்போரிடையிலும் கேட்கும் பெயராம் அது. வெள்ளவத்தைக்குத் தனிவகுப்புக்குச் சென்றால் உடன்பயில்வோர் நகைக்கிறார்களாம். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவன் பெயருக்குப் பிரான்சு நாட்டில் ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதும், அந்த உடன்பிறப்பு பட்ட பாடும் பின்னரே நினைவுக்கு வந்தன.

விவிலியத்து யாக்கோபு என்ற பெயரே மொழிக்கு மொழி உருமாறிற்று. அப்பெயர் தாங்கிய அப்போஸ்தலரை யாழ்ப்பாணத்துக் குருநகர் மக்கள் யாகப்பர் என்பர். ஐபீரிய நாட்டார் நாவில் அவர் சந்தியாகோ, நமக்குச் சந்தியாகு. ஒல்லாந்தர் கெடுபிடிக்கிடையே 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் இப்பெயரினரே. பிரெஞ்சு மக்களிடம் இப்பெயர் ழாக் என்றாயிற்று.

பிரான்சில் இதனைவிடச் சாதாரணமான பெயர் அரிது. ஆகவேதான் அது வசைச்சொல்லாகவும் ஆயிற்று. பதினான்காம் நூற்றாண்டுப் பிரபுக்கள் உழவன் எவனாயினும் அவனை 'ழாக் பொனோம்', அதாவது 'சாதுவான ழாக்' என்றழைத்தனர். எவ்வளவு அடித்தாலும் பொறுத்துக்கொள்பவன் என்பது அதிலிருந்த ஏளனம். உழவர் அணிந்த திணிப்புச் சட்டையின் பெயரிலிருந்து இது வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், உழவனுக்கெனத் தனிப்பெயர் ஒன்று தேவையில்லை என்பதே பிரபுக்களின் கருத்து.

1348இல் பெருங்கொள்ளைநோய் வந்தது. 1356இல் புவாத்தியே போரில் மன்னன் இரண்டாம் ழான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். போரில் தோற்றவர் பிரபுக்கள். தண்டம் செலுத்தியவர் உழவர். கூலிப்படைகள் ஊர்களைச் சூறையாடின. காக்க வேண்டிய பிரபுவோ தன் கோட்டையைப் பழுதுபார்க்க மேலும் வரி கேட்டான். 1358 மே 28ஆம் நாள் பாரிசுக்கு வடக்கே சாதுவான ழாக் கோலெடுத்தான். இரண்டு வாரங்களில் பல கோட்டைகள் தீக்கிரையாயின. கிளர்ச்சியாளர் செய்த கொடுமைகள் பற்றிய செய்திகளில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு; அவற்றை மறைப்பது நமக்கு அழகன்று. ஆனால் அக்கதைகளை விரித்தெழுதியோர், அடக்குமுறையில் மாண்ட உழவரைப் பற்றி அதே விரிவுடன் எழுதினாரல்லர். தலைவனுடைய பெயர் கியோம் கால். நவார் நாட்டு மன்னன் சார்ல் அவனைப் பேச்சுவார்த்தைக்கென அழைத்து, வந்தவனைப் பிடித்துக் கொன்றான். தலைவனை இழந்த உழவர்படை ஜூன் 10ஆம் நாள் மெல்லோவில் சிதறடிக்கப்பட்டது. பிரபுக்களை அண்டி வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஃபுரோவாசாரோ அத்தலைவனின் பெயரும் ழாக் பொனோம் என்றே எழுதிவைத்தார்! தலைவனாகியும் உழவனுக்குச் சொந்தப்பெயர் கிடைக்கவில்லை. அக்கிளர்ச்சியின் பெயர் 'ழாக்கரி'. பின்னர் உழவர் எழுச்சி எதற்கும் பிரெஞ்சு மொழியில் அதுவே சொல்லாயிற்று.

இந்த ஏளனத்தை முதலில் தலைகீழாக்கியவர் தீதரோ என்பது என் எண்ணம். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1796இல் பிரெஞ்சில் நூலாக வெளிவந்த 'விதிவாதியான ழாக்' என்ற நவீனத்தில் வேலைக்காரனுக்குப் பெயர் உண்டு. எசமானுக்குப் பெயரே இல்லை. நூல் முழுவதும் அவன் வெறும் 'எசமான்'. ஒருமுறை எசமான் ஏவியபோது ழாக் மறுத்துவிடுகிறான். பட்டம் தங்களுக்கு, அதிகாரம் எனக்கு என்ற பொருள்பட ஓர் உடன்படிக்கையும் ஏற்படுகிறது. சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட அந்த இடத்தில் ஒரு யுகத்தின் முடிவே தெரிகிறது.

புரட்சிக் காலத்து ழாக்குகளுள் நம் கவனத்துக்குரியவர் ழாக் ரூ என்னும் பாதிரியார். பதினாறாம் லூயியைக் கொலைமேடைக்கு அழைத்துச் சென்ற நகரசபைப் பிரதிநிதிகளுள் ஒருவர். 1793 ஜூன் 25ஆம் நாள் தேசியப் பேரவையில் நின்று, ஒரு வர்க்கம் மற்றொன்றைப் பட்டினிபோட முடியுமாயின் சுதந்திரம் என்பது வெற்றுப்பேச்சே என வாதிட்டார். பதுக்கல்காரரை அவர் சாடியதைப் புரட்சியின் தலைவர்களே பொறுக்கவில்லை. கைதான அவர் தம்மையே குத்திக்கொண்டு 1794 பெப்ரவரியில் உயிர்நீத்தார். 1845இல் மார்க்சும் ஏங்கெல்சும் வெளியிட்ட 'புனிதக் குடும்பம்' அவர் பெயரை மறவாது குறிக்கிறது.

டிக்கன்சின் 'இரு நகரங்களின் கதை' (1859) நம் பாடசாலைகளிற் பலகாலம் பயிலப்பட்டது. அதில் சதிகாரர் ஒருவரையொருவர் ழாக் என்றே அழைத்துக்கொள்வர். எசமானர் இட்ட ஏளனப்பெயர் அங்கே தோழமையின் அடையாளச்சொல்லாகிறது. டிக்கன்சு அதைக் கண்டு அஞ்சினார் என்பது வேறு.

இனி, கடல்கடந்த ழாக் ஒருவர். எயிட்டி நாட்டின் ழாக் ரூமேன் 1934இல் அங்கே கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர். அவர் மறைந்த 1944இல் வெளிவந்த நவீனம் 'பனித்துளியின் அதிபர்கள்'. கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பும் மனுவேல் அதன் நாயகன். பிழைப்புக்காகக் கடல்கடந்த கூலியைப் பற்றிப் படிக்கும்போது மலைநாட்டை நினையாத இலங்கைத் தமிழர் இருக்க முடியாது.

ஏனெனில் நம்மிடமும் ஒரு ழாக் பொனோம் இருந்தான். அவன் பெயர் இராமசாமி. யூல், பேர்ணல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கில–இந்தியச் சொற்றொகுதியில் 'இராமசாமி' ஒரு சொல்லாகவே இடம்பெற்றுள்ளது: இந்துக்களுக்குப் பொதுப்பெயர், சிறப்பாக இலங்கைக்குச் சென்ற கூலிகளுக்கு என்று. அடுத்த பொருள், சுருட்டுப் பற்றவைக்கும் திரிக்குழாய்! தென்னாப்பிரிக்காவில் அதே பெயரின் வால் 'சாமி' என வழங்கிற்று. சாமி என்றால் எசமான், நானோ உமக்கு எசமானல்லன் என்று சிலர் வெள்ளையரிடம் திருப்பிக் கூறியதைக் காந்தியார் தம் சுயசரிதையில் பதிந்துள்ளார். தீதரோ கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு பேர் என்றால் ஒருநாட் கூலி. பிரட்டுக் களத்திற் கணக்கில் விழுவது அதுவே. எடுத்த கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. மனிதனுடைய பெயரைக் கூலியாகவும், கூலியை இரண்டாகவும் வெட்டிய இந்தச் சொல்லாட்சியை எந்த இலக்கியவாதியும் புனைந்திருக்க முடியாது. அந்தக் களத்திலிருந்து முழுப்பெயருடன் வரலாற்றில் ஏறியவர் மிகச் சிலர். 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு மாண்ட கோவிந்தன் அவர்களுள் ஒருவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் மற்றையோரை நாடற்றோராக்கிற்று. 1964இல் இரு பிரதமர்கள் உட்கார்ந்து 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 உமக்கு, 3,00,000 எமக்கு, மீதி 1,50,000 பிறகு எனப் பங்கிட்டனர். அங்கே இராமசாமி என்ற பெயர்கூட இல்லை.

இவற்றுட் பாதியை மாணவனிடம் சொன்னேன். ழாக் என்று இருமுறை சொல்லிப்பார்த்தான். "எங்கள் அம்மம்மா தோட்டத்துப் பிள்ளை, சேர். அரைப் பேர் என்று அவர் சொல்லுவதை நான் யாரோ குட்டையான ஆள் என்று நினைத்திருந்தேன்" என்றான். பிறகு, பெயர் மாற்றும் படிவம் எங்கே கிடைக்கும் என்று மறுபடியும் கேட்டான். பதிவாளர் அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பினேன்.