அகப்பக்கத்தைத் தயாரிப்பது யார்? செர்வரா, கைப்பேசியா?

ஐந்தாம் படிவக் கணினி அறிவியலில் ‘செர்வர் பக்கம்’, ‘கிளையன்ட் பக்கம்’ என்ற இரண்டையும் மாணவர்கள் மனனம் செய்துவிட்டு, தேர்வில் மாற்றி எழுதிவிடுவதுண்டு. வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் குழப்பம் வராது. கேள்வி ஒன்றுதான்: வேலையை யார் செய்வது?

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. 1990களில் உலாவிகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தமிழ் வரிகளைப் படமாக்கி அனுப்புவது. யார் கணினியிலும் தெரியும். ஆனால் மெதுவாக இறங்கும். மற்றொன்று, எழுத்துக் குறியீட்டை மட்டும் அனுப்புவது. சீக்கிரம் வரும், ஆனால் வாசகர் தம் கணினியில் அதற்குரிய எழுத்துருவைப் போட்டிருக்க வேண்டும். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் அதற்குத்தான் கைகொடுத்தன. எழுத்துரு இல்லையென்றால் திரையில் வெறும் கிறுக்கல்தான். யூனிகோடு பரவிய பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது.

அகப்பக்கங்களின் கதையும் இப்படித்தான். 1993-இல் வந்த சி.ஜி.ஐ., 1995-இல் வந்த பி.எச்.பி. ஆகியவற்றால் செர்வரே பக்கத்தைத் தயாரித்து அனுப்பியது. இது செர்வர் பக்க ரெண்டரிங். அதே 1995-இல் ஜாவாஸ்கிரிப்ட் பிறந்தது. 2004-இல் ஜிமெயில், 2013-இல் ரியாக்ட் என்று வளர்ந்து, பக்கத்தைத் தயாரிக்கும் வேலை உலாவிக்கு மாறியது. செர்வர் ஏறக்குறைய வெற்றுப் பக்கத்தையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையும் அனுப்பும். மீதியை உலாவி செய்யும். இது கிளையன்ட் பக்க ரெண்டரிங். இரண்டிலும் கடைசியில் திரையில் காட்டுவது உலாவிதான் என்பதை மறக்காதீர்கள்.

பள்ளிக்கூட உதாரணம் சொன்னால், அச்சடித்த பயிற்சித்தாளைக் கொடுப்பது முதல் முறை. கேள்விகளைச் சொல்லி, “நீயே தாள் தயார் பண்ணிக்கோ” என்பது இரண்டாவது முறை.

மந்தின் தோட்டப்புறத்தில் பழைய கைப்பேசி வைத்திருக்கும் ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். கோப்பு முழுதாக இறங்கும்வரை, “சார், பக்கம் வெள்ளையாவே நிக்குது” என்றுதான் அவன் சொல்வான். செர்வரில் தயாரான பக்கம் என்றால் பாடம் முதலிலேயே கண்ணில் படும். ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் புதுப் பக்கம் வரவேண்டும். கிளையன்ட் முறையில் முதல் காத்திருப்பு முடிந்தபின் சொடுக்குகள் வேகமாக நடக்கும். அதனால்தான் 2016-இல் வந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்றவை இரண்டையும் கலந்தன.

புதிர்ப்போட்டிப் பக்கம் செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: விடைகளை ஜாவாஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் மூலநிரலைத் திறந்து பார்த்துவிடுவார்கள்! விடை சரிபார்ப்பும் கடவுச்சொல்லும் செர்வரில்தான் இருக்க வேண்டும்.

தேர்வில் ஒப்பிடச் சொன்னால் நான்கு குறிப்புகள் போதும்: தயாராகும் இடம், முதல் திறப்பு வேகம், அடுத்த சொடுக்கு வேகம், பாதுகாப்பு. பாடப்பக்கம் செய்பவர்கள் ஐந்தாவதாக ஒன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: நம் பிள்ளைகளின் கையில் இருப்பது எந்தக் கைப்பேசி?