சாப்பாவும் இனாமும்: மட்டாஞ்சேரி தரும் பாடம்

வெளியூர் போனால் பெட்டி தூக்கியவருக்கும் ஓட்டல் பையனுக்கும் ஏதோ கையில் கொடுக்கிறோம். அதைக் குறிக்கும் 'இனாம்' அரபியிலிருந்தும் 'பக்சீஸ்' பாரசீகத்திலிருந்தும் நம் பேச்சில் கலந்தவை. இரண்டுமே கொடுப்பவர் மனசைப் பொறுத்தவை. கூலி அப்படியல்ல, அது உழைத்தவர் உரிமை. இந்த வேறுபாட்டுக்காக ரத்தம் சிந்திய ஊர் மட்டாஞ்சேரி.

கொச்சித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களுக்கு அந்நாளில் நிரந்தர வேலை கிடையாது. காத்து நிற்கும் கூட்டத்துக்குள் மூப்பன் 'சாப்பா' என்ற உலோக வில்லைகளை வீசுவான். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவன் வீட்டில் அடுப்பெரியாது. உழைக்கும் உரிமையே இனாமாகிப் போனது!

துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்த 1948லேயே சட்டம் வந்தும் இங்கே சாப்பா ஒழியவில்லை. 1953இல் தொழிலாளர் போராட்டத்தில் இறங்கினர். செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆன்டணி என மூவர் அப்போராட்டத்தில் உயிர் கொடுத்தனர். 2023இல் வெளியான 'துறமுகம்' என்ற மலையாளப் படம் இந்த வரலாற்றைச் சொல்வதே.

டச்சு அரண்மனையும் யூதத் தெருவும் பார்க்க வரும் நம்மவர்கள் தாராளமாக டிப்ஸ் கொடுக்கட்டும். ஆனால், பேசிய கூலியை முழுசாகக் கொடுத்த பிறகு தருவதே இனாம். கூலியைக் குறைத்துவிட்டுப் பத்து ரூபாய் நோட்டை நீட்டினால், அதற்குப் பெயர் சாப்பா.