வாய் திறவாதவனின் வரலாறு: 'டெக்ஸ்னலைஸ்' தொடரும் இருவகை மௌனமும்

2003ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானின் ஃபூஜி தொலைக்காட்சியில் 'டெக்ஸ்னலைஸ்' என்னும் அசைவூட்டத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மொத்தம் 22 பகுதிகள். இயக்கம் ஹிரோஷி ஹமாசாகி, திரைக்கதைப் பொறுப்பு சியாகி கொனாகா, மூலப் பாத்திர வடிவமைப்பு யோஷிதோஷி அபே, தயாரிப்பகம் மேட்ஹவுஸ். நிலத்தடி நகரமான லக்ஸில் குற்றக்குழுக்கள் அதிகாரத்துக்காக மோதிக்கொள்வதே கதைக்களம். நாயகன் இச்சிசே பந்தயக் குத்துச்சண்டையில் பிழைப்பவன். முதல் பகுதியில் உரையாடல் ஏறத்தாழ இல்லை. பின்வரும் பகுதிகளிலும் அவன் பேசுவது மிகக் குறைவு.

சைபர்பங்க் குற்றக்கதைகளில் இத்தகைய வாய்பேசா எதிர்நாயகன் எங்கிருந்து வந்தான் என்ற வினாவுக்கு, "அது ஆண்மையின் மிடுக்கு" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்விடை பாதி வரலாற்றை மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து. மௌனம் ஒருவகைப்பட்டதன்று. பேச வல்லவன் பேச மறுப்பது ஒன்று; பேசும் இடமே பறிக்கப்பட்டவன் பேசாதிருப்பது மற்றொன்று. முதலாவது எவ்வாறு இரண்டாவதாக மாறியது என்பதைக் காண, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அமெரிக்கக் குற்றப்புனைவிலிருந்து தொடங்கலாம். டேஷியல் ஹேமட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' 1929இல் நூலானது. அதன் துப்பறிவாளனுக்குப் பெயரில்லை. பிறரிடம் அளந்தே பேசும் அவன் கதை முழுவதையும் தானே நமக்குச் சொல்கிறான். ஆகவே தன்மைக் கதைசொல்லலில் வாய்பேசாதவன் வாசகனிடம் மட்டும் ஓயாது பேசுபவனாக இருக்கிறான். திரைப்படத்துக்கு இந்த வசதி இயல்பாக அமைவதில்லை. அதைச் செயற்கையாகக் கொண்டுவரும் முயற்சிக்குப் புகழ்பெற்ற சான்று 'பிளேடு ரன்னர்'. 1982இல் வெளியான வடிவத்தில் நாயகனின் பின்னணிக் குரல் கதையை விளக்கிச் செல்லும். 1992இல் வெளிவந்த இயக்குநர் வடிவத்தில் அக்குரல் நீக்கப்பட்டது. பேசாத நாயகனைப் பார்வையாளர் புரிந்துகொள்வரா என்ற ஐயமும், புரிந்துகொள்வர் என்ற துணிவும் ஒரே படத்தின் இரு வடிவங்களில் பதிவாகியுள்ளன.

இதற்கிடையில் இன்னொரு மரபு வளர்ந்திருந்தது. அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' 1961இல் வந்தது. பெயர் கேட்கப்படும்போது, எதிரே தெரியும் முசுக்கட்டைத் தோட்டத்தைப் பார்த்துத் தனக்கொரு பெயரை அங்கேயே புனைந்துகொள்கிறான் அதன் வாள்வீரன். 1964இல் செர்ஜியோ லியோனே அக்கதையை 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' என்ற படமாக்கினார். உரிமை வழக்கும் தொடர்ந்தது. அதில் நடித்த கிளின்ட் ஈஸ்ட்வுட், தன் பாத்திரத்தின் வசனங்களைக் குறைக்குமாறு தானே வலியுறுத்தியதாகக் கூறியுள்ளார். அக்கால இத்தாலியப் படங்களில் ஒலி பெரும்பாலும் படப்பிடிப்பின்போது பதிவாகாது. பல மொழி பேசும் நடிகர்கள் ஒரே காட்சியில் நடிப்பர். குரல் பின்னர் சேர்க்கப்படும். குரலும் உடலும் தனித்தனியே தயாராகும் அந்த முறையில், வசனம் குறைந்த நாயகன் கலைக்கும் பொருந்தினான், பல நாட்டுச் சந்தைக்கும் பொருந்தினான்.

1967இல் ழான்-பியேர் மெல்வில் இயக்கிய 'லெ சாமுராய்' படத்தில் முதல் உரையாடல் வரவே ஏறத்தாழ பத்து நிமிடங்கள் ஆகின்றன. அடுத்த ஆண்டு ஜப்பானில் தகாவோ சைட்டோவின் 'கோல்கோ 13' என்ற மாங்கா தொடங்கியது. அதன் கூலிக்கொலையாளி பல கட்டங்களில் பேசுவதில்லை. ஆயினும் அவன் தலைக்கு அருகே பேச்சுக்குமிழ் உண்டு, அதனுள் புள்ளிகளின் வரிசை மட்டும் இருக்கும். எழுத்து வடிவம் பெற்ற மௌனம் அது. அவனுக்குரிய பேச்சு முறை வந்துவிட்டது, அதை அவன் பயன்படுத்த மறுக்கிறான் என்று வாசகனுக்கு அறிவிக்கும் குறியீடு. ஆற்றலின் மௌனத்துக்கு இதனினும் தெளிவான வடிவம் அரிது.

இனி அசைவூட்டத்துக்கு வருவோம். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் 'டெத்சுவான் அடோமு' ஒளிபரப்பாகத் தொடங்கியது. வாரந்தோறும் ஒரு பகுதியைக் குறைந்த செலவில் முடிக்க, நொடிக்கு 24 சட்டகங்களுக்கும் தனித்தனி ஓவியம் வரைவதைத் தவிர்த்து, ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தும் முறை பரவலானது. பேசும் முகத்துக்கு ஒரே முகமும் மூன்று வாய்களும் போதும்: மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது. குரல் பெரும்பாலும் படத்துக்குப் பின்னரே பதிவாகும். இத்தாலியப் படங்களைப் போலவே இங்கும் குரல் உடலுக்குப் பின்னால் வந்து சேர்கிறது.

இம்முறையில் பேச்சு மலிவானது. அசையும் வாய், நிறுத்தப்பட்ட முகத்தை மறைத்துவிடுகிறது. வாய் அசையாத முகமோ, நிறுத்தப்பட்ட ஓவியம் என்று தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே நெடுநேரம் பேசாத நாயகனைத் தொலைக்காட்சி அசைவூட்டத்தில் நிலைநிறுத்த வேண்டுமாயின், பின்னணி ஓவியம், ஒலிவடிவமைப்பு, படத்தொகுப்பு, கண்ணிமைப்பு ஆகியவை வசனத்தின் வேலையைச் செய்ய வேண்டும். இதற்கொரு வழியைக் காட்டியவர் ஒசாமு தெசாகி. உணர்ச்சி உச்சத்தில் அசைவை நிறுத்தி, காட்சியைத் தீட்டப்பட்ட நிலை ஓவியமாக மாற்றுவது அவரது முத்திரை. நிறுத்தம் குறையாகத் தோன்றாமல் அழுத்தமாக மாறியது. 'கோல்கோ 13'ஐ 1983இல் அசைவூட்டத் திரைப்படமாக்கியவரும் அவரே. தெசுகாவின் முஷி நிறுவனத்திலிருந்து வெளியேறி 1972இல் மேட்ஹவுஸை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். முப்பதாண்டுகளுக்குப் பின் 'டெக்ஸ்னலைஸ்' அதே நிறுவனத்திலிருந்து வந்தது.

இச்சிசேயின் மௌனம் இம்மரபிலிருந்து வந்ததாயினும் அதன் பொருள் வேறு. தொடக்கத்திலேயே பந்தயத்தை நடத்துபவர்களின் சினத்துக்கு ஆளாகி, ஒரு கையையும் ஒரு காலையும் இழக்கிறான். மருத்துவர் ஒருவர் தன் ஆய்வின் பொருட்டு, அவன் இசைவைப் பெறாமலே, எந்திர உறுப்புகளைப் பொருத்துகிறார். அவன் உடலைப் பற்றிய முடிவுகள் எல்லாம் அவனிடம் எதுவும் கேட்கப்படாமலே நிகழ்கின்றன.

உரையாடல் பகுப்பாய்வு இங்கே நமக்குத் துணைசெய்யும். சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகியோர் 'லாங்குவேஜ்' இதழில் 1974இல் வெளியிட்ட கட்டுரை, பேச்சு முறை பரிமாறப்படும் ஒழுங்கை விளக்கியது. ஒருவரை நோக்கி வினா எழுப்பப்பட்டபின் வரும் மௌனம் பொதுவானதன்று; அது வினவப்பட்டவருக்கு உரியது. கோல்கோவின் மௌனம் அத்தகையது. முறை அவனுக்கு வழங்கப்பட்டது, அவன் அதை ஏற்கவில்லை. இச்சிசேக்கோ முதலில் முறையே வழங்கப்படுவதில்லை. இருவரும் பேசாதவர்களே. ஆனால் ஒருவன் உரையாடலுக்குள் இருந்துகொண்டு மறுக்கிறான், மற்றவன் உரையாடலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறான்.

ஜப்பானிய மொழி இதை மேலும் கூர்மையாக்குகிறது. அம்மொழியில் 'நான்' என்பதற்குப் பல சொற்கள் உண்டு. எதைத் தேர்ந்தாலும் பேசுபவரின் பால், தகுதி, நெருக்கம் ஆகியன வெளிப்படும். வினைமுற்றும் மரியாதைப் படிநிலையைக் காட்டும். தமிழில் 'நீ', 'நீங்கள்' என்ற தேர்வு நமக்குப் பழக்கமானது. அத்தேர்வு வாக்கியம்தோறும் பரவிக் கிடப்பதாக எண்ணிப் பாருங்கள். தலைவன், அடியாள் என்ற படிநிலையால் ஆன குற்றக்குழுவுக்குள் வாய் திறப்பவன், தன் படியை ஒப்புக்கொண்டே பேச வேண்டும். ஆகவே அக்குழுவின் நிழலுக்குள் வந்தபின் இச்சிசே காக்கும் மௌனத்தில் மறுப்பின் சாயலும் படிகிறது. பறிக்கப்பட்ட பேச்சு, அவன் தன்னிடம் வைத்துக்கொண்ட ஒரே உடைமையாக மாறுகிறது. ஆங்கிலக் குரலாக்கத்தைக் கேட்பவருக்கு இந்த நுட்பம் எட்டுவது கடினம்.

இதில் ஆய்வு மாணவர்களாகிய நமக்கு ஒரு முறையியல் சிக்கல் உண்டு. திரை உரையாடலை ஆராய்வோர் துணைத்தலைப்புக் கோப்புகளைத் திரட்டித் தரவகம் அமைக்கிறோம். நேரக்குறிகளை நீக்கி, சொற்களை மட்டும் எண்ணுகிறோம். அவ்வாறு செய்தால் 'டெக்ஸ்னலைஸ்' தொடரின் முதல் பகுதி ஏறத்தாழ வெற்றுக் கோப்பாக எஞ்சும். இச்சிசே முதன்மை அற்ற துணைப்பாத்திரமாகத் தோன்றுவான். பேச இடம் அளிக்கப்படாதவர்களைத் தரவிலிருந்தும் நாமே வெளியேற்றிவிடுகிறோம். இச்சிக்கல் கற்பனைப் பாத்திரத்தோடு நிற்பதில்லை. நீதிமன்றப் பதிவு, வகுப்பறைப் பதிவு, மருத்துவர்–நோயாளி உரையாடல் ஆகிய எதிலும், குறைவாகப் பேசுபவரே சொல்லெண்ணிக்கையில் முதலில் காணாமற்போகிறார்.

தீர்வின் ஒரு பகுதி எளியது. துணைத்தலைப்புக் கோப்பின் நேரக்குறிகளை நீக்காதீர்கள். இரு வரிகளுக்கு இடைப்பட்ட இடைவெளியைக் கணக்கிட்டுத் தனி நிரலாக வையுங்கள். நீண்ட இடைவெளிகளை மட்டுமேனும் காட்சியோடு ஒப்பிட்டு, அங்கே வினா எழுப்பப்பட்டதா, யாரை நோக்கி எழுப்பப்பட்டது என்று குறியுங்கள். மறுத்தவரின் மௌனத்தையும் மறுக்கப்பட்டவரின் மௌனத்தையும் பிரித்தறிய அதுவே முதற்படி. கணினி இடைவெளியின் அளவைத் தரும். அது யாருடைய மௌனம் என்பதை நாம்தான் பார்த்து எழுத வேண்டும்.