கரையானும் வன்தட்டும்

திருக்கோணமலையைப் பாடிய திருஞானசம்பந்தரின் பதிகம் கி.பி. 7ஆம் நூற்றாண்டினது. இன்றும் அது கோணேசர் கோயிலில் ஓதப்படுகிறது. ஏறத்தாழ 1300 ஆண்டுகளைக் கடந்து ஒரு பாட்டு நம் செவியை எட்டியது எவ்வாறு? பக்தியின் பெருமை என்று கூறி அமைந்துவிடுவோர் உளர். வரலாறு கற்கும் மாணவனுக்கு அவ்விடை போதாது. ஓலை பதப்படுத்தியவர், எழுதியவர், படியெடுத்தவர், பாடிக் காட்டியவர் என முகமறியாத பலரது உழைப்பு அப்பாட்டின் பின்னே நிற்கிறது. பாட்டைச் சேமித்தலின் வரலாறு அந்த உழைப்பின் வரலாறே.

திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி பலரும் அறிந்ததே. மூவர் பாடல்களைத் தேடிய சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. அழிந்தவை பல, எஞ்சியவை சில. புராணத்தை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. பூட்டுக்குக் கள்வன் அஞ்சலாம், கரையான் அஞ்சாது. ஓரிடத்தில், ஒரே பிரதியாக, ஒருசிலரின் அதிகாரத்துள் அடைபட்ட பாட்டு காக்கப்பட்ட பாட்டன்று, சிறைப்பட்ட பாட்டு.

அப்புராணம் இன்னொன்றும் சொல்கிறது. சொல் கிடைத்த பின்னும் பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே பண்ணை மீட்டுத் தந்தாள். மன்னனின் கைக்கு எட்டாத இசை ஒரு பாணர்குலப் பெண்ணின் தொண்டையில் வாழ்ந்திருந்தது. கிடைத்த ஏடுகளில் காணப்படாத சம்பந்தர் பதிகமொன்று, சோழநாட்டுத் திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டிலிருந்து 1917இல் கண்டெடுக்கப்பட்டது. ஓலை இழந்ததைத் தொண்டையும் கல்லும் காத்தன.

கல்லும் நிலையானதன்று என்பதற்கு நம் ஊரே சான்று. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். ஆனால் மண்ணுள் மறைந்துகிடந்த சில திருவுருவங்கள் 1950இல் கிணறு வெட்டியபோது வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. சமயப் பற்று நமக்கு இருப்பினும் இல்லாவிடினும், பாடம் ஒன்றே: ஒன்றை ஒரே இடத்தில் வைத்தவன் அதனை இழக்கச் சித்தமாயிருக்கிறான்.

ஓலையும் கல்லும் சொல்லைக் காத்தன. குரலைக் காக்க அவற்றால் இயலவில்லை. 1877இல் எடிசன் அமைத்த கருவியே குரலைப் பிடித்து வைத்தது. 1902இல் கல்கத்தாவில் இந்தியப் பாடகரின் குரல் விற்பனைக்கெனத் தட்டில் பதியப்பட்டது. 1925இல் கொழும்பில் வானொலி ஒலிக்கத் தொடங்கியது. ஆனால் யாருடைய குரல் பதியப்பட்டது? சந்தையில் விலைபோகும் குரலே பெரும்பாலும் பதியப்பட்டது. கரைவலை இழுக்கையில் மீனவர் பாடிய அம்பாப் பாட்டுக்கும், நாற்று நடுவோர் பாட்டுக்கும் விலை கூறுவார் இலர்.

இந்நிலையை மாற்றியது 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த கசெற் நாடா. சிறிய பெட்டி ஒன்று வாய்த்தால் உழைப்பவன் வீட்டிலும் தன் குரலைத் தானே பதியலாம் என்ற நிலை வந்தது. கூத்தும், கலியாண வீட்டுப் பாட்டும், ஆச்சியின் தாலாட்டும் நாடாவில் ஏறின. ஆனால் அவற்றுட் பலவும் ஒற்றைப் பிரதிகள். 1983இலும் 1990இலும் உயிரை மட்டும் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் நாடாப் பெட்டியையா தூக்கிச் செல்வார்கள்? எஞ்சியவற்றுள் கரையோர வீடுகளில் இருந்தவற்றை 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் கொண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுக்கு நாம் கண்ணீர் விடுகிறோம். எண்ணிப் பார்க்கவும் இயலாத அந்த நாடாக்களுக்கு அழுதவர் எவர்?

இன்று பாட்டு எண்களாகிக் கணினிக்குள் புகுந்துவிட்டது. நாடாவைப் படியெடுக்குந்தோறும் ஒலி மங்கும். எண்ணுருவில் ஆயிரமாவது படியும் முதற்படியேபோல் இருக்கும். மனிதகுலம் இதற்குமுன் பெறாத பேறு இது. ஆயினும் வன்தட்டுக்கும் கரையான் உண்டு. சுழலும் தட்டு ஒருநாள் சுழலாமல் நிற்கும். வீட்டில் எழுதிய இறுவட்டின் சாயம் சில ஆண்டுகளில் வெளிறும். எங்கள் மாணவி ஒருத்தி, இறந்துபோன தன் அப்பப்பாவின் அம்பாப் பாட்டைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தாள். தொலைபேசி கடல்நீரில் விழுந்தது. "வேறெங்கும் படி இல்லையா?" என்று கேட்டேன். அவள் தலை குனிந்தாள். குனிய வேண்டியது அவளது தலையன்று. இதைக் கற்பிக்காத எங்கள் தலை.

ஆவணம் காப்போர் எளிய விதியொன்று வகுத்துள்ளனர்: பிரதிகள் 3, அவை தங்கும் சாதன வகைகள் 2, அவற்றுள் 1 வேறோர் இடத்தில். ஓலை, கல், தொண்டை என்று நம் முன்னோர் வாழ்வில் நேர்ந்ததை இவ்விதி கணக்காகச் சொல்கிறது. ஓர் அலுமாரியில் இரண்டு வன்தட்டுகளை வைப்பது போதாது. ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். ஆண்டுக்கொருமுறை எடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். பழுது காட்டும் தட்டை உடனே மாற்ற வேண்டும். எம்பி3 வடிவம் இடத்தை மிச்சப்படுத்த ஒலியின் ஒரு பகுதியைக் களைந்துவிடுவதால், அரிய பதிவுகளை ஒலி குறையாத வடிவிலும் வைத்தல் நன்று. பாடியவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பிலே குறிக்க வேண்டும். பெயரற்ற குரல் பாதி இறந்த குரல்.

பெரிய நிறுவனங்கள் காக்கும் என்று நம்பியிருப்போர்க்கு இரு செய்திகள். 2008இல் ஹொலிவூட்டில் யுனிவர்சல் நிறுவன வளாகத்தில் மூண்ட தீயில் இசைப் பதிவுகளின் மூலநாடாக்கள் எரிந்தன. 2019இல் மைஸ்பேஸ் நிறுவனம், 2015 வரை தன்னிடம் மக்கள் ஏற்றிவைத்த பாடல்கள் இடமாற்றத்தில் அழிந்தன என அறிவித்தது. மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் பாட்டோ நமதன்று. கட்டணம் நின்றால் அதுவும் நிற்கும்.

சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்திலும், 2005 முதல் நம்மவர் கூடி வளர்க்கும் நூலகம் நிறுவனத்திலும் மக்களின் கூட்டுழைப்பு என்ன செய்யும் என்பதைக் காண்கிறோம். அவ்வுழைப்பு ஒவ்வொரு பள்ளியிலும் தொடங்கலாம். ஒரு வகுப்பு, நாற்பது மாணவர், ஆளுக்கொரு முதியவரின் பாட்டு. பள்ளியில் ஒரு படி, வீட்டில் ஒரு படி, வேற்றூர்ப் பள்ளியொன்றில் ஒரு படி. இதற்கு அரசன் வேண்டியதில்லை. நம்பியாண்டார் நம்பியும் வேண்டியதில்லை. பாடும் முதியவர் இருக்கும்போதே நாம் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.